புயலை மறித்த வெள்ளப்பாண்டி

சேரன்மகாதேவி கபடிக் கழகத்துக்கு அந்த வருசம் ஒரு விசித்திரமான சிக்கல். இறுதி ஆட்டத்துக்குப் பொன்னாடை வாங்கியாயிற்று, போர்த்திக்கொள்ள ஆள் இல்லை. வருவதாக ஒத்துக்கொண்ட சினிமா வில்லன் நடிகருக்குக் காலையில் காய்ச்சல் வந்துவிட்டதாம். மைதானத்து ஓரம் டீக்கடையில் கழகத் தலைவர் மாசானம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் வெள்ளப்பாண்டி அண்ணாச்சி வந்து பெஞ்சில் அமர்ந்தார். மறுமுனையில் இருந்தவர் பெஞ்சு எழும்புவதற்கு முன்னால் தானே எழும்பிவிட்டார்.

அண்ணாச்சி அமெரிக்காவில், டெக்சாஸ் பக்கம், பல வருசம் இருந்துவிட்டு மனைவி பிரமுவோடு போன ஆவணியில்தான் ஊர் திரும்பியவர். அங்கே என்ன சோலி பார்த்தார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. சரிகை போட்ட பொன்னாடையைப் பார்த்ததும், யாராவது கேட்கமாட்டார்களா என்று அவருக்கு நாக்கு அரித்தது. ஊரில் எவனெவனோ போர்த்திக்கொண்டான். தன் தோளில் ஒரு துண்டுகூட விழவில்லையே!

"விளையாட்டு வீரன் உள்ளூர்லயே இருக்கும்போது வில்லனை எதுக்குவே தேடுதீரு?" என்றார்.

"யாரு அண்ணாச்சி?"

"அமெரிக்கன் ஃபுட்பால்ல பதினோரு வருசம் முன்வரிசையில நின்னவன். உம்ம முன்னாலதான் உக்காந்திருக்கேன்."

பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுக்கும் ஜெயக்கொடி டீச்சர் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "எத்தனை கோல் போட்டிய அண்ணாச்சி?"

"கோலா? நான் பந்தையே தொட்டதில்ல தாயி."

கடையே சிரித்தது. அண்ணாச்சி அசரவில்லை.

"அது நம்ம ஊரு ஃபுட்பால் இல்ல. பந்தைக் கையால எறியதுக்குன்னு ஒருத்தன் பின்னால நிப்பான். அவனைச் சாய்க்க எதிராளி எருமைக்கடா கணக்கா வருவான். வாறவனை மறிச்சு நிக்கதுதான் என் சோலி. எறியவன் ராசா, நான் கோட்டைச் சுவரு."

"பேப்பர்ல உங்க பேரு வந்திருக்கா?"

"நல்லா மறிச்சா எவனும் பேரைச் சொல்லமாட்டான். தப்புப் பண்ணாத்தான் மைக்குல சொல்லுவான். பதினோரு வருசத்துல என் பேரு ஒருக்காகூட வரலை. இதைவிட என்ன சாட்சி வேணும்?"

"அப்படின்னா நானும் அங்க ஆடியிருக்கேன் அண்ணாச்சி. என் பேரும் வரலை" என்றார் டீச்சர்.

மாசானத்துக்கோ கதை பிடித்துவிட்டது. "உங்களை எப்படி எடுத்தாங்க?"

"கடையில தள்ளுவண்டி தள்ளிட்டு வந்த ஒருத்தன் தெரியாம என் முதுகுல முட்டிட்டான். வண்டி அப்பளமாயிட்டு. நான் கொசுன்னு நினைச்சுத் திரும்பிக்கூடப் பாக்கலை. அவன்தான் கோச்சு. முதல் ஆட்டத்துல மூணு பேரு சேந்து வந்து மோதினானுவ. அதுல ஒருத்தன் இப்ப பெரிய பல் டாக்டரு. தன் வாயிலயே தொழில் படிச்சவன்."

"அந்தப் பந்து எறியவன்?"

"டேனியா? மொதல்ல பயந்தான். பிறகு ஆட்டத்துக்கு நடுவுல என் முதுகுக்குப் பின்னாலயே ஷேவிங் பண்ணிக்கிடுவான். அங்கேயே நின்னு மோதிரம் மாத்தினான். புள்ளை பிறந்ததும் தொட்டில் கயித்தோட ஒரு நுனியை என் பெல்ட்டுல கட்டிட்டான். எதிராளி முட்ட முட்டத் தொட்டில் ஆடும், புள்ளை தூங்கும்."

"கோட்டைச் சுவரு ஆடலாமா அண்ணாச்சி?"

"ஆடலை டீச்சர். மூச்சு விடணும்லா?"

இப்போது கடைக்குள் நிற்க இடமில்லை. கூட்டத்தைப் பார்த்ததும் அண்ணாச்சியின் வாய் அவரை முந்திக்கொண்டு ஓடியது.

"ஒரு நாள் ஆட்டத்துக்கு நடுவுல கடல்லேருந்து புயல் வந்துட்டு. சனம் பூரா ஓடுது. கோச்சு சொல்லுதான், 'பாண்டி, டேனி இன்னும் பந்தை எறியலை'ன்னு. நின்னேன். புயல் இடப்பக்கம் வந்துச்சு, நானும் இடப்பக்கம். வலப்பக்கம் வந்துச்சு, நானும் வலப்பக்கம். நெஞ்சுல முட்டிப் பாத்துட்டு, வந்த வழியே கடலுக்குப் போயி அழுதுட்டுது. ரேடியோக்காரன் அதைத்தான் மழைன்னு சொன்னான்."

மாசானம் பொன்னாடையைக் கையில் எடுத்தேவிட்டார். அண்ணாச்சியின் தோள் தானாகக் குனிந்தது.

"ஒரு நிமிசம்" என்றார் டீச்சர். "புயலை மறிச்சவரு எங்க முத்துப்பேச்சியை மறிக்கட்டும். மறிச்சிட்டா நானே போர்த்தி விடுதேன்."

முத்துப்பேச்சி டீச்சரின் அணியில் கபடி பாடி எதிரணிக்குள் போகிறவள். அகத்திக்கீரைத் தண்டு மாதிரி இருப்பாள். அவளைக் கண்டதும் அண்ணாச்சி அரையடி பின்வாங்கினார். ஆனால் ஊரே பார்க்கிறதே! வேட்டியை மடித்துக் கட்டி, கையை அகல விரித்து மைதானத்தில் நின்றார். அவருக்குப் பின்னால், டேனி நின்ற இடத்தில் நாற்காலி போட்டு, பொன்னாடையும் கையுமாக மாசானம்.

"கபடி கபடி" என்று முத்துப்பேச்சி வந்தாள். இடப்பக்கம் சாய்ந்தாள், அண்ணாச்சியும் சாய்ந்தார். அவர் நிமிர்வதற்குள் வலது கைக்கு அடியில் புகுந்துவிட்டாள். அவர் திரும்பினார். அதற்குள் மாசானம் கையிலிருந்த பொன்னாடையை உருவிக்கொண்டு, இடது கைக்கு அடியில் புகுந்து, பாட்டு நிற்காமல் கோட்டுக்குத் திரும்பிவிட்டாள். விசில் மைதானத்தைத் தூக்கியது.

அண்ணாச்சி நிதானமாக வேட்டியை இறக்கிவிட்டார். "பிடிச்சிருப்பேன். எங்க ஆட்டத்துல மறிக்கத்தான் செய்யணும், பிடிக்கக்கூடாது. பிடிச்சா பத்து கஜம் பின்னால போகணும். பின்னால ரோடு, பாபநாசம் பஸ் வருது. என்மேல மோதி பஸ்ஸுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, உள்ள இருக்க சனத்துக்கு யாரு பதில் சொல்ல?"

பொன்னாடை முத்துப்பேச்சியின் தோளுக்கே போனது. போர்த்திவிட்டவர் டீச்சர். மாசானத்துக்கு மட்டும் மனசு ஆறவில்லை. கூட்டம் கண்டு எட்டிப்பார்க்க வந்த பிரமுவைப் பிடித்துக்கொண்டார்.

"மதினி, நீங்க சொல்லுங்க. அண்ணாச்சி அமெரிக்காவுல நெசமாவே மறிச்சாரா?"

அண்ணாச்சி கண்ணாலேயே மனைவியைக் கெஞ்சினார்.

"மறிச்சாரு, மறிச்சாரு" என்றாள் பிரமு. "அங்க தமிழ்ச் சங்கத்துப் பந்தியில இவரு உக்காந்தா, இவரைத் தாண்டி ஒரு சாம்பார் வாளி போனதில்ல."