முயலும் கொட்டாங்குச்சியும்

ஒரு குளக்கரைப் புதரில் தாய் முயலும் அதன் குட்டியும் வாழ்ந்தன. சருகு அசைந்தாலே தாய்க்கு நெஞ்சு படபடக்கும். அதன் மார்பில் தலை வைத்துப் படுக்கும் குட்டி, படுத்த வேகத்தில் எழுந்துவிடும்.

"என்ன கண்ணு, தூங்கலையா?"

"உள்ளே யாரோ ஓடுறாங்கம்மா. எப்படித் தூங்குறது?"

தாய்க்கு அழுகை வந்தது. எப்படியாவது இந்த நெஞ்சை அமைதிப்படுத்த வேண்டும். யோகம் கற்றுக்கொள்ளலாம் என்று கிளம்பியது.

குளத்தில் கொக்கு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது.

"கொக்கு அண்ணே, எனக்கும் சொல்லிக் குடுங்க."

"ஒண்ணை மட்டும் பாரு. வேற எதையும் பாக்காதே."

முயல் கொக்கின் காலையே பார்த்தது. தானும் ஒரு காலைத் தூக்கியது. தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தது.

"என் காலை யாரு பாக்கச் சொன்னா?" என்றது கொக்கு, மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடுத்து ஆலமரத்தடிக்குப் போனது. மேலே வௌவால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஐயா, இது என்ன ஆசனம்?"

"தூக்கம்மா. போ, தூங்க விடு."

பெரிய ஞானிகள் இப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள் என்று முயல் நினைத்துக்கொண்டது. தாழ்ந்த கிளை ஒன்றில் தானும் தொங்கிப் பார்த்தது. கீழே விழுந்து மூக்கு வீங்கியது.

கடைசியாக ஆமையிடம் போனது.

"பயம் வந்தா உள்ளே போயிடு. மூச்சை மெதுவா விடு. அவ்வளவுதான்," என்றது ஆமை.

உள்ளே போக ஓடு வேண்டுமே! முயல் ஒரு கொட்டாங்குச்சியைத் தேடி எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டது.

"அக்கா, காது உள்ளே போகலையே."

"நான் மூச்சைத்தானே சொன்னேன்?" என்றது ஆமை.

முயலுக்கு அது கேட்கவில்லை. தினமும் கரையில் உட்கார்ந்து காதை மடக்கப் பழகியது. வீடு திரும்ப நேரமானது. குட்டி தனியாகக் காத்துக் கிடந்தது.

"இப்போ இன்னும் வேகமா ஓடுறாங்கம்மா," என்றது குட்டி.

ஒரு மாலை, பயிற்சியின் நடுவே காற்றில் நரி வாடை வந்தது. வாடை வந்தது புதர் இருந்த பக்கத்திலிருந்து. முயல் கொட்டாங்குச்சியை உதறிவிட்டுப் பறந்தது. குறுக்கு வழியில் புகுந்து, நரிக்கு முந்திப் போய்க் குட்டியைத் தன் உடம்பால் மூடிக்கொண்டது.

நரி புதருக்கு வெளியே வந்து நின்றது. "உள்ளே ஏதோ துடிக்குதே," என்று காதைத் தீட்டியது.

குட்டி நடுங்கியது. தாய் அதன் சின்ன மூக்கை மட்டும் பார்த்தது. மெதுவாக மூச்சை விட்டது. குட்டியும் அப்படியே விட்டது. மறுபடி ஒரு மூச்சு. குட்டியின் நடுக்கம் நின்றது. தாயின் நெஞ்சும் மெல்ல அடங்கியது.

"தவளையா இருக்கும்," என்று நரி நகர்ந்துவிட்டது.

அது போனது தாய்க்குத் தெரியாது. குட்டி தன் மார்பில் அயர்ந்து தூங்குவதையே அது பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் ஆமை அந்தப் பக்கம் வந்தது. "காதை மடக்கியாச்சா?" என்று கேட்டது.

"இல்லக்கா. கொட்டாங்குச்சியில குட்டி தண்ணி குடிக்கிறான்."

குருவின் தோற்றத்தைப் பார்த்து நடிப்பவர் விழுவார். குரு சொன்ன சொல்லைத் தன் உடம்புக்கு ஏற்றபடி பழகுபவரே அமைதி பெறுவார்.