பூநாரைகளுக்காகக் காலி செய்த ஏரி

ஊசிப்பாறைக் காட்டின் நடுவில் பறவைகள் இறங்குவதற்கென்றே அமைந்தது போல ஒரு ஏரி இருந்தது. கனமான பறவைகள் தண்ணீர்மேல் ஓடி எழும்புவதற்கு வேண்டிய நீளம் அதற்கு உண்டு. அதை நிர்வாகம் செய்தது காட்டுச் சபை. சபையில் இறக்கை உள்ளவர் ஒருவரும் கிடையாது. பறக்கிறவர்கள் எப்போது பறந்துபோவார்களென்று சொல்ல முடியாது, அவர்களை நம்பிப் பொறுப்பைக் கொடுக்க முடியுமா என்பது சபையின் கருத்து.

தலைவர் எருமை. மேலாளர் உடும்பு. உடும்புக்குப் பறவைகள் மேல் அளவில்லாத அக்கறை. முட்டையிடும் பருவத்தில் அந்த அக்கறை இன்னும் கூடும். ஒவ்வொரு கூடாகப் போய் நலம் விசாரிக்கும்.

தண்ணீரை ஒட்டிப் பட்டுப்போன கருவேலமரம் ஒன்று நின்றது. அதன் உச்சிக் கிளையில் ஒரு நீர்க்காகம் குடியிருந்தது. மற்ற நீர்ப்பறவைகளின் இறகில் தண்ணீர் ஒட்டாது. நீர்க்காகத்தின் இறகு ஊறிவிடும். மூழ்கி மீன் பிடித்த பிறகு, இறக்கைகளை விரித்து வெயிலில் காயவைத்தால்தான் அதனால் சரியாகப் பறக்க முடியும். அந்த ஏரியில் நிழலில்லாத மரம் அது ஒன்றுதான்.

ஒருநாள் காலை உடும்பு மரத்தடிக்கு வந்தது.

"இங்க பாரும்மா, உன் மேல ஒரு புகார் வந்திருக்கு."

"யார் குடுத்தாங்க?"

"நான்தான் குடுத்தேன். அப்புறம் நானே விசாரிச்சேன். உண்மைன்னு தெரிஞ்சுது."

"என்ன புகார்?"

"ஒரு பறவைக்கு ஒரு பறவை அகலம். அதுதான் இங்க சட்டம். நீ மூணு பறவை அகலத்துக்கு இறக்கையை விரிச்சுக்கிட்டு உக்காந்திருக்க. இது ஆக்கிரமிப்பு."

"விரிக்கலைன்னா காயாதுங்க. காயலைன்னா பறக்க முடியாது."

"நான் பறக்கிறேனா? நல்லாத்தானே இருக்கேன்" என்றது உடும்பு. மரத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது.

கீழ்க்கிளையில் இருந்த மடையான் கழுத்தை நீட்டியது. "அக்கா, சபையில போய்ச் சொல்லலாம். நியாயம் கிடைக்கும்" என்றது. மடையான் அதுவரை சபைக்குப் போனதில்லை.

கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். கூட்டம் நடந்தது உடும்பின் வளைக்குள். எருமையால் தலையை மட்டும்தான் உள்ளே நுழைக்க முடிந்தது. அதோடு வாசல் அடைபட்டது. ஆகவே பறவைகள் எருமையின் வாலைப் பார்த்து முறையிட வேண்டியதாயிற்று.

"தலைவரே, அந்த மொட்டை மரத்தை விட்டா எனக்கு வேற போக்கிடம் இல்ல" என்றது நீர்க்காகம்.

வால் ஆடியது. ஒப்புக்கொண்டதா, ஈ ஓட்டியதா என்று தெரியவில்லை.

உள்ளிருந்து உடும்பின் குரல் வந்தது. "தலைவர் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு. அவருக்கு எல்லாப் பறவையும் ஒண்ணுதான். ஒருத்தருக்கு மரத்தைக் குடுத்தா மத்தவங்க மனசு புண்படும். அதனால இனிமே யாருக்கும் மரம் கிடையாது. எல்லாரும் சமம்."

"மத்தவங்க யாரும் கேக்கலையே" என்றது மடையான்.

"கேக்காதவங்களுக்கும் சேத்து யோசிக்கிறதுதான் தம்பி நிர்வாகம். அதுவும் இல்லாம, இந்த வருஷம் வடக்கேருந்து பூநாரைங்க வருது. பெரிய கூட்டம். எல்லாம் ரோஸ் கலர்ல இருக்குமாம். அதுங்க வந்து இறங்கறப்ப நீங்க கரையெல்லாம் எச்சம் போட்டு வெச்சிருந்தா நல்லாவா இருக்கும்? கரை மொத்தமும் அவங்களுக்கு ஒதுக்கியாச்சு. அந்த மரமும்தான்."

"பூநாரை மரத்துல உக்காராதுங்களே. அது சேத்துல நிக்கிற பறவை" என்றது நீர்க்காகம்.

"உக்கார்றதும் உக்காராததும் அவங்க இஷ்டம். ஒதுக்கறது நம்ம கடமை."

எருமை அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்தது. "ஏம்ப்பா, நான் தண்ணியில புரள்றதுக்குத் தடை ஒண்ணும் இல்லையே?"

"உங்களுக்கு இல்லைங்க, தலைவரே."

"அப்ப சரி."

தீர்மானம் நிறைவேறியது.

மறுநாள் நீர்க்காகம் தண்ணீருக்குள் இருந்த நேரம் பார்த்து, எருமை கரைக்கு வந்து கருவேலமரத்தில் முதுகைத் தேய்த்தது. பட்ட மரம் தாங்கவில்லை, வேரோடு சாய்ந்தது. இயற்கைச் சீற்றத்தால் மரம் விழுந்ததற்குச் சபை ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது.

நீர்க்காகம் மீனோடு மேலே வந்தது. மரம் இருந்த இடத்தில் வானம் இருந்தது. கரையில் ஏறி, தரையிலேயே இறக்கையை விரித்துப் பார்த்தது.

"ஏதாவது உதவி வேணுமாம்மா?" என்றபடி உடும்பு பக்கத்தில் வந்தது. அதன் நாக்கு உள்ளே போய் வெளியே வந்தது.

நீர்க்காகம் மறுபடி தண்ணீரில் விழுந்தது. ஊறின இறக்கையோடு பறக்க முடியவில்லை. உபரித் தண்ணீர் வழியும் வாய்க்காலில் நீந்தியே போய், பள்ளத்தில் இருந்த ஒரு சேற்றுக்குட்டையில் சேர்ந்தது. குறுகலான குட்டை. நடுவில் ஒரு பாறை இருந்தது. அதன்மேல் ஏறிச் சாயங்காலம்வரை இறக்கையை விரித்தபடி நின்றது.

இதையெல்லாம் பார்த்த மடையான் தனக்கும் ஒரு புகார் வருவதற்குள் குட்டைக்கு வந்துவிட்டது. அடுத்து முக்குளிப்பான்கள் வந்தன. அப்புறம் கொக்குகள். ஏரியில் ஒரு பறவையும் மிஞ்சவில்லை. கரை பளிச்சென்று இருந்தது. புகார் என்று ஒன்றுகூட வரவில்லையே என்று உடும்பு பெருமைப்பட்டது.

பூநாரைகள் வரும் நாளில் சபை கரையில் வரிசையாக நின்றது. தவளைகள் வரவேற்புப் பாட்டுக்குத் தொண்டையைச் சரிசெய்துகொண்டன. வடக்கு வானம் இளஞ்சிவப்பானது. கூட்டம் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றியது. தாழ்ந்து வந்து இன்னொரு சுற்றுச் சுற்றியது. பிறகு உயர்ந்து, பள்ளத்தின் பக்கம் திரும்பியது.

முன்னால் வந்த பூநாரை குட்டையின் மேலே வட்டமிட்டபடி கேட்டது. "அக்கா, இங்க இறங்கலாமா?"

"இறங்குங்க. ஆனா நெருக்கியடிச்சுத்தான் நிக்கணும். அங்க உங்களுக்காகவே பெரிய ஏரியைக் காலி பண்ணி வெச்சிருக்காங்களே, பாக்கலையா?" என்றது நீர்க்காகம்.

"பாத்துட்டுத்தான் வர்றோம். காலியா இருந்துதே, அதான் பயந்துட்டோம்." பூநாரை சேற்றில் இறங்கிக் காலை ஊன்றியது. "நாங்க வழியில போறவங்க. தண்ணிக்குள்ள என்ன இருக்கு, புதருக்குள்ள யாரு இருக்காங்கன்னு மேலேருந்து எப்படித் தெரியும்? உள்ளூர்ப் பறவைங்க நிம்மதியா உக்காந்திருக்கான்னு பாப்போம். அவ்வளவு தண்ணி இருந்தும் ஒருத்தரையும் காணோம். முதலை இருக்கணும், இல்ல வலை இருக்கணும். அதைவிட மோசமா ஏதாவது இருந்தாலும் இருக்கும்."

"கடைசியா சொன்னீங்களே, அதுதான்" என்றது மடையான்.

அன்றைக்கே சபை கூடி, பூநாரைகள் நாகரிகம் தெரியாதவை என்று ஒரு தீர்மானம் போட்டது. தீர்மானம் போட்ட கையோடு உடும்பு குட்டைக்கு ஓடி வந்தது. மூச்சு வாங்கியது.

"அம்மா, உன் விஷயத்தைச் சபை கருணையோட மறுபரிசீலனை பண்ணியிருக்கு. நீ திரும்பி வந்து உக்காரலாம். நல்லா மேலேருந்து தெரியற மாதிரி உக்காரணும். இறக்கையை எவ்வளவு வேணும்னாலும் விரிச்சுக்க."

"எதுமேல உக்கார?" என்றது நீர்க்காகம்.

உடும்பு யோசித்தது. "மரத்துக்கு ஒரு குழு போட்டிருக்கோம். புதுசா கன்னு நடப்போறாங்க. தலைவரே தண்ணி ஊத்தறதா ஒத்துக்கிட்டாரு."

"நடுங்க. அது வளரட்டும். வளந்து பட்டுப்போய் மொட்டையாகட்டும். அப்புறமா வந்து கூப்பிடுங்க."

இறக்கை காய்ந்திருந்தது. நீர்க்காகம் பாறையிலிருந்து எழும்பி, பூநாரைகளின் தலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டுவிட்டு மீனுக்காகக் குட்டையில் பாய்ந்தது.

குடியிருப்பவர் நிம்மதியாக இருக்க முடியாத இடத்தில், எத்தனை வரவேற்பு வைத்தாலும் வழிப்போக்கர் இறங்கமாட்டார்.