நம்ம மதகுப் பொண்ணு

முன்னொரு காலத்தில் வேங்கைநாட்டை வல்லபவேந்தன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். மூக்கு நுனியில் கோபம், நாக்கு நுனியில் பரிசு. எது முதலில் வரும் என்று அவனுக்கே தெரியாது.

அவன் சபையில் ஒரு வழக்கம். வருகிறவரின் பேரையும் பதவியையும் கட்டியக்காரன் உரக்கச் சொல்வான். அதைக் கேட்டுத்தான் ஆசனம் போடுவார்கள். கட்டியத்தை எழுதிக் கொடுப்பவர் அரண்மனை ஓலைகளுக்கெல்லாம் தலைவரான ஓலைநாயகம் பரமேசுரர். தம் பேருக்கு முன்னால் பதினோரு பட்டம் எழுதிக்கொண்ட அந்த மனிதர், நாட்டின் ஏரி, மதகு எல்லாவற்றையும் காக்கும் நீர் அமைச்சர் உமையாளுக்கு மூன்று வருடமாக எழுதியது ஒரே வரி: "நம்ம மதகுப் பொண்ணு வருது!"

போன வருடம் ஆற்றுநீர்ப் பங்கு பேச வந்த அண்டை நாட்டுத் தூதர் அதைக் கேட்டுவிட்டு, "குடிக்கத் தண்ணி கொண்டா" என்று உமையாளை விரட்டினார். உமையாள் வாய் திறக்குமுன் ஒப்பந்தம் முடிந்தது. நாற்பது ஊர் காய்ந்தது. சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

இந்த வருடம் புதுத் தூதர் வரும் நாளில் உமையாள் ராஜாவிடம் முறையிட்டார்.

"செல்லமாகக் கூப்பிட்டது குற்றமா மகாராஜா?" என்று சிரித்தார் பரமேசுரர்.

"கூப்பிடுவதில் என்ன குறைந்துவிடும்? குறையும் என்றால் நிரூபித்துக் காட்டு. தவறினால் உன் பதவி போகும்" என்றான் ராஜா உமையாளிடம்.

"அப்படியானால் இன்றைய கட்டியத்தை நான் எழுதுகிறேன்" என்றார் உமையாள்.

தூதர் வந்து அமர்ந்தார். அடுத்து, பட்டுச் சால்வையோடு வாசலில் வந்து நின்றார் பரமேசுரர். கட்டியக்காரன் முழங்கினான்: "நம்ம ஓலைப் பையன் வருது!"

ஆசனம் வரவில்லை. வழக்கம் வழக்கம்தானே? நின்றுகொண்டிருந்த வெற்றிலைத் தட்டுக்காரர்கள் நகர்ந்து தங்கள் வரிசையில் இடம் விட்டார்கள். தூதர் திரும்பிக்கூடப் பார்க்காமல் எச்சில் படிக்கத்தை நீட்டினார். "தம்பி, இதைக் கொட்டிட்டு வா."

"யாரைப் பார்த்து! நான் யார் தெரியுமா?" பரமேசுரரின் கண் கலங்கிவிட்டது.

"தெரியாது. யாரும் சொல்லலியே" என்றார் தூதர்.

"செல்லமாகத்தானே ஐயா எழுதினேன்?" என்று கேட்டார் உமையாள். "ஒரு நொடிக்கே அழுகிறீர்கள். எனக்கு மூன்று வருடம்!"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. கழுத்து முத்துமாலையைக் கழற்றி உமையாளிடம் நீட்டினான்.

"மாலை வேண்டாம், மகாராஜா. ஆசனம் போடச் சொல்லுங்கள். பேச வேண்டியது நிறைய இருக்கிறது."

"போடுவோம். பரமேசுரரே, இந்த வருடம் முழுக்கக் கட்டியம் கூறும் வேலை உமக்கு. ஆரம்பியும்!"

"நீர் அமைச்சர்... உமையாள் அம்மையார்... வருகிறார்" என்று முனகினார் அவர்.

"தூதருக்குக் கேட்கவில்லை" என்றான் ராஜா. "இன்னொரு தரம்!"

மூன்றாம் தரத்தில்தான் சபை அதிர்ந்தது. தூதர் எழுந்து நின்று கும்பிட்டார். உமையாள் உட்கார்ந்ததும் கேட்டது நாற்பது ஊருக்கான தண்ணீர். அன்றே கிடைத்தது.