ரௌட்டர் எங்க சார்?

டிஷ் மாட்டும் தெய்வானையிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர், எங்கள் அடுக்குமாடிச் சங்கத் தலைவர் ஆவுடையப்பன். "அடுத்தவர் வைஃபையைத் திருடினால் கடும் நடவடிக்கை" என்று லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டியவரும் அவரேதான்.

செட்டாப் பாக்ஸை வைஃபையில் சேர்க்க வந்தவளிடம், "பாஸ்வேர்டு சொல்ல மாட்டேன். அது இல்லாமலே சேர்க்கணும். முடியலைன்னா உன் வேலைக்கு உலை வச்சிடுவேன்" என்று உறுமினார்.

தெய்வானை அசரவில்லை. "பாஸ்வேர்டே வேண்டாம் சார். ரௌட்டர்ல ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கினா தானா சேர்ந்துக்கும். ரௌட்டர் எங்க சார்?"

தலைவர் அலமாரியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "உள்ளே எங்கேயோ இருக்கு..."

தெய்வானை டிவியைப் பார்த்தாள். திரையில் வந்த வைஃபை பட்டியலில் இருந்த ஒரே பெயர் 'ஜமீலா இல்லம்'. எதிர்வீட்டுப் பெயர்ப்பலகையிலும் அதே பெயர். நேரே போய் அந்த வீட்டு மணியை அடித்தாள்.

"அக்கா, தலைவர் வீட்டு டிவிக்கு உங்க ரௌட்டர் பட்டனைக் கொஞ்சம் அமுக்கணும்."

"அடப்பாவமே! ஒரே ஒரு நாளைக்குன்னு போன வருஷம் வாங்கின பாஸ்வேர்டு இன்னுமா ஓடுது?" என்றார் ஜமீலா, மாடி முழுக்கக் கேட்கும்படி.

தெய்வானை திரும்பி, பின்னாலேயே வந்து நின்ற தலைவரைப் பார்த்தாள். "நான் பாஸ்வேர்டு கேக்கவே இல்லை சார்."

சாயங்காலம் லிஃப்டில் அந்த நோட்டீஸைக் காணோம். கிழித்தவர் மீது தலைவர் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை.