பெருமூச்சையும் சுமந்து போன தூது

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் கோபம் வந்தால் ஊர் கேட்கக் கத்தி, வருத்தம் வந்தால் மட்டும் கதவைச் சாத்திக்கொண்ட காலத்தில், நீலகண்ட பூபதி என்றொரு ராஜா இருந்தார். அவருக்கு ஒரே ராணி, செங்கமலவல்லி. ஒரே விகடகவி, சடையப்பன். ராஜாவும் ராணியும் முகம் பார்த்துப் பேசி வருஷக் கணக்காகிவிட்டது. இருவருக்கும் நடுவே பேசிக்கொண்டிருந்தது சடையப்பனின் வாய்தான்.

பிணக்குக்குக் காரணம் ஒரு தேர்த் திருவிழா. ராணியின் தகப்பனார் சாகக் கிடக்கிறார் என்று சொல்ல ஆள் வந்த அன்று ஊரில் தேரோட்டம். தேர் நிலைக்கு வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று ராஜா செய்தியை அமுக்கி வைத்தார். தேர் நிலைக்கு வந்தது. ராணி பிறந்த ஊர் போய்ச் சேர்ந்தபோது சாம்பல்தான் மிச்சமிருந்தது. திரும்பி வந்தவர் அரண்மனைக்குள் கால் வைக்கவில்லை. மாந்தோப்புக்கு அந்தப் பக்கம் இருந்த குளத்து மாளிகையில் போய்த் தங்கிவிட்டார்.

'செய்தது தப்பு' என்று ராஜா அன்றைக்கே போய்ச் சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அந்த ராஜ குடும்பத்தில் ஒரு பொல்லாத வழக்கம். புருஷன் பெண்சாதி பிணங்கினால், யார் முதலில் தேடிப் போய்ப் பேசுகிறாரோ அவர் தோற்றவர். தோற்றவரைப் பற்றிச் சமையல்கட்டு வரைக்கும் பேசிச் சிரிப்பார்கள். ராஜா ஏழு கோட்டைகளைப் பிடித்தவர். ராணியோ அந்த ஏழு கோட்டைகளையும் பிடித்தவரையே ஆட்டி வைத்தவர். யார் தோற்பார்கள்? அதனால் சடையப்பன் நடந்தான்.

வெறுமனே நடக்கவில்லை. வழியில் மாமரத்தடியில் சற்று நின்று, வார்த்தைகளை அலசிப் பிழிந்து உலர்த்தி எடுத்துக்கொண்டுதான் போவான்.

ஒரு தீபாவளிக்கு ராணி அதிரசம் அனுப்பினார். ராஜா ஒரு கடி கடித்துவிட்டு, "கல்லா இது? யானைப் பாகனிடம் கொடு, அங்குசம் தீட்டிக்கொள்ளட்டும் என்று சொல்" என்றார்.

சடையப்பன் ராணியிடம் போய், "தாயே, மகாராஜா அதிரசத்தை அவசரமில்லாமல் நெடுநேரம் மென்று அனுபவித்தார்" என்றான்.

"பல் இருக்கிறவரைக்கும் மெல்லட்டும்" என்றார் ராணி.

திரும்பி வந்து, "மகாராணி தங்கள் பல்லைப் பற்றி அக்கறையாக விசாரித்தார்கள், பிரபு" என்றான். ராஜா மீசையைத் தடவிக்கொண்டார். இப்படியே காலம் ஓடிற்று. இருவருக்கும் தலை நரைத்தது. சடையப்பனுக்குத் தன் சாமர்த்தியத்தில் ரொம்பப் பெருமை. குடும்பத்தை நான்தான் கட்டிக் காக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

இந்தப் பெருமை பிரதானி உலகளந்தாரின் கண்ணை உறுத்தியது. ராஜாவின் பக்கத்தில் தனக்கு இல்லாத இடம் ஒரு கோமாளிக்கு எப்படி என்று அவருக்கு நெஞ்செரிச்சல். குளத்து மாளிகைத் தாதி ஒருத்தியைப் பிடித்து விசாரித்தார். இங்கே சொன்னதற்கும் அங்கே போய்ச் சேர்ந்ததற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்று தெரிந்துபோயிற்று. நேரே சபைக்கு வந்தார்.

"மகாப்பிரபு, தங்கள் திருவாயில் பிறந்த வார்த்தையை ஒருவன் வழியிலேயே கொன்று புதைக்கிறான். வேறு வார்த்தையை வைத்துத் தங்கள் பெயரைச் சூட்டுகிறான். ராஜ வாக்கைத் திருத்துவது ராஜத் துரோகம்."

அதிரசத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். சபை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ராஜாவின் முகம் சிவந்தது.

"சடையப்பா, உண்மையா?"

"உண்மைதான், பிரபு. சூடாக இருந்ததைக் கொஞ்சம் ஆற்றிக் கொண்டுபோனேன்."

"ஆற்ற நீ யார்?" என்று ராஜா எழுந்தே விட்டார். பிரதானி குறுக்கே வந்து, தலையை வாங்குமுன் ஒரு சோதனை வைக்கலாமே என்றார். காரணமில்லாமல் சொல்லவில்லை. அன்று காலைதான் ராணியிடமிருந்து தாதி மூலம் செய்தி வந்திருந்தது: தமையன் வீட்டோடு போய் இருந்துவிடப் போகிறேன், இனித் திரும்புவதாக இல்லை, உத்தரவு வேண்டும் என்று. அதற்கு ராஜா இன்னும் பதில் சொல்லவில்லை. சடையப்பன் அந்தப் பதிலை மாற்றினால் அவன் தலை போகும். மாற்றாவிட்டால் ராணி போவார், அதோடு அவன் வேலையும் போகும். எப்படிப் பார்த்தாலும் பிரதானிக்கு லாபம்.

ராஜாவுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. "இதோ என் பதிலைச் சொல்கிறேன். நான் எப்படிச் சொல்கிறேனோ அப்படியே போய்ச் சேர வேண்டும். ஒன்றும் குறையக் கூடாது, ஒன்றும் கூடக் கூடாது. பிரதானி சாட்சியாக வருவார். கடுகளவு மாறினாலும் உன் தலை உன்னுடையதல்ல."

சடையப்பன் கைகட்டி நின்றான். வழக்கமாக வார்த்தையைக் கேட்டதும் அதை எப்படி மாற்றலாம் என்று அவன் மனசு கிளம்பிவிடும். ராஜாவின் முகத்தைப் பார்க்க நேரம் இருக்காது. இன்றைக்கு மாற்ற வழியில்லை. அதனால் முதல் தடவையாக அவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

சொல்லி முடித்ததும் ராஜா, "போ" என்றார்.

குளத்து மாளிகையில் மூட்டை முடிச்சுகள் கட்டியாகிவிட்டன. ராணி கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பிரதானி பெரிய கும்பிடு ஒன்று போட்டு, நடந்ததைச் சொல்லி, "இன்றைக்கு ராஜ வாக்கு அப்பழுக்கில்லாமல் வருகிறது, தாயே" என்றார். பிறகு சடையப்பனைப் பார்த்து, "ம், ஆகட்டும் ஓய்" என்றார்.

சடையப்பன் ஒரு மணையை இழுத்துப் போட்டு, ராஜா மாதிரி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தான். இல்லாத வெற்றிலையை எடுத்தான். காம்பைக் கிள்ளினான். வாயருகே கொண்டுபோய் மறுபடி கீழே வைத்தான். "போகிறவள்..." என்று ஆரம்பித்துத் தொண்டையைச் செருமினான். நீளமாக ஒரு பெருமூச்சு விட்டான். குளம் இருக்கும் திசைக்குத் திரும்பி, யாரையும் கேட்காத மாதிரி, "அந்த இருமல் நின்றதாமா?" என்று முணுமுணுத்தான். அங்கவஸ்திரத்தின் நுனியால் கண்ணைத் துடைத்து, தூசி விழுந்தவன் போல் அந்த நுனியில் இரண்டு தரம் ஊதி ஒற்றிக்கொண்டான். அப்புறம் தொடையில் ஓங்கி அடித்து, "போகிறவள் போகட்டும்! பல்லக்கு தயாராக இருக்கிறது என்று சொல்!" என்று கத்தினான்.

"அடேய்!" என்று பிரதானி குதித்தார். "பல்லக்கு தயார் என்று மட்டும் சொல்வதற்கு இதென்ன கூத்து?"

"பிரதானியாரே, 'நான் எப்படிச் சொல்கிறேனோ அப்படியே' என்பது மகாராஜாவின் உத்தரவு. பெருமூச்சை நான் வழியில் விட்டுவிட்டு வந்திருந்தால் குறைத்த குற்றம் வந்துவிடாதா? நீர்தானே சாட்சி? சொல்லும். இதில் ஏதாவது நான் கூட்டினேனா?"

பிரதானி கணக்குப் போட்டுப் பார்த்தார். இல்லாததைச் சேர்த்தான் என்றால், ராணி வேறு ஆளனுப்பி ராஜாவையே கேட்டுவிடுவார்; சாட்சி பொய்த்த குற்றம் தன் தலையில் விழும்.

"அழுதாரா?" என்று ராணி கேட்டார்.

"...துடைத்துக்கொண்டார், தாயே" என்றார் பிரதானி.

"என் இருமலைப் பற்றிக் கேட்டாரா?"

"கேட்டார்."

ராணி சடையப்பனைப் பார்த்துச் சொன்னார்: "நீ கொண்டுவந்த இனிப்பு வார்த்தையெல்லாம் அவருடையதில்லை என்று எனக்கு முதல் நாளே தெரியும், சடையப்பா. அவருக்கு அப்படிப் பேச வராது. ஆனாலும் பொய்யாவது வருகிறதே என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அதுவும் வராமல் போயிருந்தால், பொறுக்க மாட்டாமல் நானே எழுந்து அங்கே வந்திருப்பேன்."

சடையப்பன் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்த மணையை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தான்.

"என் பதிலையும் இப்படியே கொண்டுபோ" என்றார் ராணி.

சபையில் சடையப்பன் மேல்துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு, கால் மடக்கி உட்கார்ந்து, ராணி மாதிரி கழுத்தை வெட்டியதும் ராஜா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து எத்தனை நாளாயிற்றோ, புரையேறிற்று. ஆனால் சடையப்பன் நிறுத்தவில்லை. முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டான். தோள் குலுங்கிற்று. மெல்லிய குரலில், "எங்கள் அப்பா கடைசியில் என் பெயரைச் சொன்னாரா என்று வந்த ஆளிடம் கேட்டீர்களா? அதையாவது எனக்குச் சொல்லியிருக்கலாமே" என்றான். ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

அவர் எழுந்தார். செருப்பைத் தேடவில்லை. சபை பார்த்துக்கொண்டிருக்க மாந்தோப்புக்குள் இறங்கி நடந்தார். ராஜா தோற்றுப் போகிறார் என்று யாரோ கிசுகிசுத்தது அவர் காதில் விழுந்திருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை.

"கேட்டேன், வல்லி" என்றார் வாசலில் நின்றபடி. "உன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அதனால்தான் உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. செய்தது தப்பு."

"இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம்" என்றார் ராணி. நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டார். கட்டிய மூட்டைகள் அவிழவில்லை. அவர் பிறந்த ஊருக்குப் போகத்தான் போனார், தகப்பனார் படுத்திருந்த அறையை ஒருதரம் பார்க்க. ராஜாவும் கூடப் போனார்.

புறப்படுமுன் ராஜா சடையப்பனைக் கூப்பிட்டார். தன் பட்டுச் சால்வையை அவன் தோளில் போட்டார். பிரதானியை, இனி அந்தப்புர விஷயத்தில் மூக்கை நுழைக்காமல் யானைக் கொட்டாரத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

"என்னைப் போலவே ஊதிக் காட்டினாயாமே, தூசி விழுந்த மாதிரி!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "இத்தனை வருஷமாக இந்த வித்தையை எங்கேயடா ஒளித்து வைத்திருந்தாய்?"

ராஜா விளையாட்டாகத்தான் கேட்டார். பக்கத்தில் நின்ற ராணிகூடச் சிரித்தார். தலை முழுக்க நரைத்துப்போன அந்த இருவரையும் பார்த்துச் சடையப்பனும் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூசி, பிரபு" என்றான்.