மணிமுடி மனைக்கு ஆள் தேவை

முன்னொரு காலத்தில் கடலோரத்து நெய்தலூரைச் செங்கோடன் என்ற ராஜா ஆண்டுவந்தான். தும்மினால் முத்துமாலை கொடுப்பான், அடுத்த தும்மலுக்கு அதைப் பிடுங்கிக்கொள்வான். அப்படியொரு ராஜா.

அந்த ஊரில் ஏழு நிதிமனைகள். ஜனங்கள் தங்கள் பொன்னை அங்கேதான் ஒப்படைத்து வைப்பார்கள். எந்த மனைக்கு ஆள் வேண்டுமென்றாலும் சந்தைவாசல் தூணில் ஓலை அடிப்பது வழக்கம்.

மழை பொய்த்து இரண்டு வருஷம் ஆயிற்று. பஞ்சகாலத்துக்கென்று சேர்த்துவைத்த பொன்னை எந்த மனையில் வைக்கலாம் என்று ராஜா சபையில் கேட்டான்.

பொருளதிகாரி வச்சிரதேவர் முந்திக்கொண்டார். "மணிமுடி மனைதான், மகாராஜா! மற்ற ஆறும் ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டன. மணிமுடி மட்டும் மாதம் பன்னிரண்டு பேரைக் கூப்பிடுகிறது. வளராத வீட்டுக்கு எதற்கு ஆள்?"

"அப்படிப் போடு! அங்கேயே வைத்துவிடலாம்" என்றான் ராஜா.

அமைச்சர் நன்னாகனார் எழுந்தார். "மூன்று நாள் பொறுங்கள், மகாராஜா. அந்தத் தூணை ஒருதரம் படித்துவிட்டு வருகிறேன்."

வச்சிரதேவர் சிரித்தார். "அமைச்சர் தூணிடம் ஜோசியம் கேட்கப் போகிறார்!"

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "போய்ப் படியும். தப்பாகச் சொன்னீரோ, உம்முடைய தலைப்பாகை வச்சிரதேவர் தலைக்கு."

தூணில் ஒன்றன்மேல் ஒன்றாய் ஓலைகள் வெங்காயச் சருகுபோல் ஏறியிருந்தன. நன்னாகனார் ஒவ்வொன்றாய் உரித்துத் தரையில் பரப்பினார். மற்ற மனைகளின் பழைய ஓலைகளில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. முதலில் எழுத்தர் தேவை என்பார்கள், பிறகு பொன்னை உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பவர். அதற்கடுத்த மாதமே சமையலாளும் தண்ணீர் சுமப்பவளும் தேவைப்படும். ஆள் கூடினால் வயிறும் கூடத்தானே செய்யும்?

மணிமுடிக்கு இருபது மாதத்தில் இருநூற்று நாற்பது பேர். சமையலாள் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை.

இத்தனை பேரும் என்னத்தைத் தின்கிறார்கள்?

ஓலைகளின் வாசகமும் மாறிக்கொண்டே வந்திருந்தது. முதல் ஓலையில் 'எழுதத் தெரிந்தவர்'. நடுவில் 'கேள்வி கேட்காதவர்'. கடைசி ஓலையில் 'பெயர் உள்ளவர் போதும்'.

உச்சிப்பொழுதில் மணிமுடி மனைக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ பெயர் கூப்பிட்டார்கள். "தச்சூர் மருதவாணன்!" "உள்ளேன் ஐயா" என்றது ஒரு கட்டைக்குரல். "மேட்டுத்தெரு ஏகாம்பி!" இருமிக்கொண்டே ஒரு கிழக்குரல். "ஆற்றோரம் வயிரன்!" திக்கித் திக்கி ஓர் இளங்குரல். தெருவில் போனவர்கள், "உள்ளே எத்தனை ஆள் பார்" என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

நன்னாகனார் கதவைத் தள்ளினார்.

வரிசை வரிசையாய் எழுதுபலகைகள். ஒவ்வொன்றின்மேலும் மடித்து வைத்த மேல்துண்டு, அதன்மேல் விரல்கனத்துக்குத் தூசி. ஆள் யாரும் இல்லை; சுவரோரத்துப் பொன்பெட்டிகளும் காலியாய்த் திறந்து கிடந்தன. கோடியில் பேரேட்டைப் பிடித்தபடி ஒரே ஒரு மெலிந்த எழுத்தன் நின்றான்.

"எங்கேயப்பா எல்லாரும்?"

அவன் உதட்டில் விரல் வைத்தான். "மெள்ளப் பேசுங்க. வேலை நடக்குது."

"இப்போது பதில் சொன்னதெல்லாம் யார்?"

"காலையில ஒருதரம், உச்சியில ஒருதரம் பேர் கூப்பிடணும். தெருவுக்குக் கேக்கணும். எசமான் உத்தரவு." பிறகு வெற்றுப் பலகைகளைப் பார்த்துப் புன்னகைத்தான். "மொதல்ல நான்தான் சொன்னேன். இப்பல்லாம் அவங்களே சொல்றாங்க."

நன்னாகனார் பேரேட்டை வாங்கி ஒரு நோட்டம் விட்டார். எல்லாம் நிஜமான ஊர், நிஜமான பெயர். திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். மறுநாள் முழுதும் அந்தப் பெயர்களைத் தேடி ஊர் ஊராய் அலைந்தார்.

மூன்றாம் நாள் சபை கூடியது. மணிமுடி மனை கலகலவென்றிருப்பதற்குச் சாட்சியாக, வச்சிரதேவர் அந்த எழுத்தனையே பேரேட்டோடு கொண்டுவந்து நிறுத்தினார்.

"இருநூற்று நாற்பது பெயர், மகாராஜா! எண்ணிக்கொள்ளட்டும் அமைச்சர்."

"ஏட்டில் இருப்பது தெரிகிறது. ஆட்கள்?"

"வேலையைப் போட்டுவிட்டு வருவார்களா?"

"வரவேண்டாம். பெயரை மட்டும் கூப்பிடச் சொல்லுங்கள்."

வச்சிரதேவர் வாய் திறக்குமுன் ராஜா கையசைத்துவிட்டான். எழுத்தன் ஏட்டைப் பிரித்தான். "மேட்டுத்தெரு ஏகாம்பி!" கூப்பிட்ட அதே வாயிலிருந்து கிழக்குரல் இருமிக்கொண்டு வந்தது: "உள்ளேன் ஐயா." பழக்கம், அவனால் நிறுத்த முடியவில்லை. அடுத்த பெயருக்கு வேறு குரல், அதற்கடுத்ததற்கு வேறு. ராஜா மெதுவாய்த் தன் கால்களைச் சிம்மாசனத்தின்மேல் தூக்கி வைத்துக்கொண்டான்.

"தச்சூர் மருதவாணன்!"

எழுத்தன் வாய் திறப்பதற்குள் வாசலிலிருந்து பதில் வந்தது. "இங்கே இருக்கேன் சாமி!"

ஏடு கீழே விழுந்தது. வாசல் வழியாக மருதவாணன் வந்தான், அவன் பின்னால் ஏகாம்பி, வயிரன் என்று ஐம்பது அறுபது பேர்.

"பேரை எழுதிக்கிட்டு நாளைக்கு வான்னாங்க, சாமி," என்றான் மருதவாணன். "இருபது மாசமா அந்த 'நாளைக்கு' வரலை. மாட்டை வித்துட்டு வந்து காத்துக்கிடந்தேன்."

"ஆள் எடுக்கிற வீடு வளருகிற வீடு என்று ஜனங்கள் நம்பினார்கள், மகாராஜா," என்றார் நன்னாகனார். "நம்பிப் பொன்னைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். உள்ளே ஆளும் இல்லை, பொன்னும் இல்லை." எழுத்தன் பக்கம் திரும்பினார். "உன் எசமான் யார்?"

அவன் கை வச்சிரதேவரைக் காட்டியது.

ராஜா கால்களைக் கீழே இறக்கினான். "வச்சிரதேவரே, உம் வீடுவாசலை விற்றுப் பொன் போட்டவர்களுக்குக் கொடுக்கிறேன். நீர் போய் அந்தத் தூணடியில் நில்லும். யாராவது வேலைக்குக் கூப்பிட்டால் போம்." வந்திருந்தவர்களுக்கெல்லாம் பஞ்சகாலத் தானியக் கிடங்கில் வேலை கொடுத்தான். தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டான். அன்றைக்கு அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

சபை கலைந்தது. எழுத்தன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். நன்னாகனார் அவன் தோளைத் தொட்டார்.

"உன் பெயர் என்னப்பா?"

அவன் வாய் திறந்தான். கட்டைக்குரல் வந்தது. தலையை ஆட்டிக்கொண்டான். கிழக்குரல் வந்தது. அதையும் விழுங்கினான். கண்ணை மூடிக்கொண்டான்.

"சேந்தன்," என்றான் கடைசியில். யாரும் அதுவரை கேட்டிராத, மிகச் சின்னக் குரல்.