பின்பக்கமா மலை ஏறின பிலோமினா டீச்சர்

ஒரு ஊர்ல ஒரு டீச்சர் இருந்தாங்க. ஊர் சேலம், டீச்சர் பேரு பிலோமினா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு ஓடவும் தாண்டவும் சொல்லிக் கொடுத்து ரிட்டையர் ஆனவங்க. வயசு எழுபத்தெட்டு. அவங்க சிரிச்சா பக்கத்துத் தெருவுல தூங்குற நாய் எழுந்து உக்காரும். ம் கொட்டு பாப்பா, அப்பத்தான் கதை நகரும்.

"ம்."

அவங்ககிட்ட ஒரு கார். டீச்சரை விட அதுக்கு வயசு ஜாஸ்தி. பச்சைக் கலர், துணிக் கூரை, தவளைக் கண்ணு மாதிரி ரெண்டு விளக்கு. ஹாரனை அமுக்கினா "பொய்ங்க்"னு கத்தும். ஓடும்போது டுக்கு டுக்கு டுக்கு. இந்த மாதிரி பழைய கார் வச்சிருக்கிறவங்க எல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் வச்சிருந்தாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாக் காரும் வரிசையா ஏற்காடு மலை ஏறும். தானா ஏறணும். கயிறு கட்டி இழுக்கக் கூடாது, யாரும் கை வச்சுத் தள்ளக் கூடாது. அதுதான் அவங்க சட்டம்.

அப்போ சங்கத்துக்குப் புதுசா ஒரு தலைவர் வந்தார், மோகனரங்கம்னு. நல்ல மனுசன்தான். ஆனா யாருக்கு எது நல்லதுன்னு தனக்குத்தான் தெரியும்னு ஒரு நினைப்பு.

"டீச்சர், இந்த வயசுல உங்களுக்கு மலையெல்லாம் எதுக்கு? வண்டியைச் சங்கத்துக் கண்ணாடி ரூம்ல நிறுத்திடலாம். வர்ற சனம் பார்த்துட்டுப் போகட்டும்"னார்.

"வண்டியை மட்டுமா, உள்ள என்னையும் சேர்த்து உக்கார வைப்பீங்களா தம்பி?"

எல்லாரும் சிரிச்சாங்க. அவர் சிரிக்கலை. "எழுபத்தஞ்சு தாண்டினவங்க ஓட்டக் கூடாதுன்னு விதியே கொண்டு வரப் போறேன்."

டீச்சர் எழுந்து நின்னாங்க. "இந்த வருஷம் ஏறிக் காட்டறேன். ஏறலைன்னா வண்டி உங்க கண்ணாடி ரூமுக்கு. ஏறிட்டேன்னா, இந்தச் சங்கத்துல யாரும் யாரையும் வயசு கேக்கக் கூடாது. சரியா?"

"சரி"ன்னுட்டார். ஜெயிச்சாச்சுன்னு நினைச்சுக்கிட்டார்.

"ம்."

அப்புறம் அந்த நாள் வந்துது. மூணு கண்டம் இருந்துது பாப்பா. முதல் கண்டம் அடிவாரத்துலயே. பழைய காரை ஸ்டார்ட் பண்ண முன்னால இரும்பு ஹேண்டிலைப் போட்டுச் சுத்தணும். சில நேரம் அது குதிரை மாதிரி திருப்பி உதைக்கும், கை ஒடிஞ்சு போகும். "ஆள் கூப்பிடட்டுமா டீச்சர்?"னு மோகனரங்கம் கேட்டார். டீச்சர் குனிஞ்சு ஹேண்டிலைப் பிடிச்சாங்க. கட்டை விரலை மடக்காம மத்த விரலோட சேர்த்து வச்சாங்க. ஒரு சுத்து, டபார்! ஹேண்டில் உதைச்சு எகிறிச்சு, கை தப்பிச்சுது. இன்னொரு சுத்து. டுக்கு டுக்கு டுக்கு!

அப்புறம் ரெண்டாவது கண்டம். பாதி மலையில புஸ்ஸ்ஸ்னு காரோட மூக்கு வழியா ஆவி. எஞ்சின் தண்ணி கொதிச்சுப் போச்சு. அவசரப்பட்டு மூடியைத் திறந்தா மூஞ்சி வெந்துடும். மத்த காரெல்லாம் விர் விர்ருனு தாண்டிப் போச்சு. டீச்சர் ஓரமா நிறுத்தி, கொய்யாப்பழம் கடிச்சுக்கிட்டு, போறவங்களுக்கெல்லாம் டாட்டா காட்டினாங்க. ஆறினதும் தண்ணி ஊத்தினாங்க. டுக்கு டுக்கு டுக்கு.

"அப்புறம்?"

அப்புறம் மூணாவது. அது டீச்சரே வரவழைச்சுக்கிட்டது. பாரம் குறைஞ்சா வண்டி சுளுவா ஏறும்னு பெட்ரோலைப் பாதிதான் ஊத்தியிருந்தாங்க. அந்தக் காருல பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில, எஞ்சின் முன்னால. நடுவுல பம்ப் கிடையாது. வாய்க்கால் தண்ணி மாதிரி பெட்ரோல் தானா இறங்கிப் போகணும். மேட்டுல வண்டி மூக்கைத் தூக்கிச்சா, எஞ்சின் உசரத்துக்குப் போயிடுச்சு. பெட்ரோல் எப்படி மேட்டுக்கு ஓடும்? டுக்கு... டுக்... டு. நின்னே போச்சு.

பின்னால சங்கத்து லாரி வந்துது, கயிறோட. லாரிக்காரர், "கட்டிடலாங்களா டீச்சர்?"னார்.

"கயிறைத் தொட்டா கையை ஒடிப்பேன்."

அதுக்குப் பின்னால ஒரு பஸ், பஸ் நிறையா சனம். கண்டக்டர் வேடியப்பன் இறங்கி வந்தார். "ஏம்மா, நாங்க ஊர் போய்ச் சேர வேண்டாமா?"

டீச்சர் காரையே பார்த்தாங்க. திடீர்னு ஒரு சிரிப்பு! "கண்டக்டர் தம்பி, எஞ்சினை விட டேங்க் உசரமா இருக்கணும். அவ்வளவுதானே? நான் பின்பக்கமா ஏறப் போறேன்."

"பின்பக்கமாவா! இந்த மலையிலயா?"

"என் கழுத்து அவ்வளவு தூரம் திரும்பாது. நீ எனக்கு விசில் ஊது. வாய் உதவிக்குச் சட்டத்துல தடை இல்லை."

அப்போ டீச்சர் பிரேக்கை விட்டு, வண்டியைத் தானா கீழ்ப் பக்கம் உருள விட்டு, அகலமான வளைவுல திருப்பினாங்க. லாரியும் பஸ்ஸும் வழி விட்டு நின்னுது. பெட்ரோல் கடகடன்னு எஞ்சினுக்கு இறங்கிச்சு. ஹேண்டிலைச் சுத்தினாங்க. டுக்கு டுக்கு டுக்கு! ரிவர்ஸ் கியர் போட்டாங்க. வேடியப்பன் காருக்கு மேல் பக்கமா நடந்துக்கிட்டு, பீப்பீ, "வா வா வா! ஒடிச்சுப் பிடி! இடது பக்கம் பள்ளம், ஒடி ஒடி! ரைட் ரைட்!" பீப்பீ!

பின்னால வர்ற பஸ்ஸும் டீச்சர் காரும் மூஞ்சிக்கு மூஞ்சி பார்த்துக்கிட்டே ஏறுது பாப்பா. ஜன்னல்ல ஒரு அம்மா, "அக்கா, சமைச்சாச்சா?"ங்குது. "இறங்கி வந்துதான் சமைக்கணும்!"ங்கிறாங்க டீச்சர். பஸ்ஸே கை தட்டுது. ஒரு வளைவு, இன்னொரு வளைவு, கடைசி வளைவு.

மேல ஏரிக்கரையில எல்லாரும் நிக்கிறாங்க. முதல்ல வந்தது காரோட முதுகு. அப்புறம்தான் டீச்சர் மூஞ்சி. மோகனரங்கம் ஓடி வந்தார். "இது செல்லாது! இப்படியா ஏறுறது?"

"கயிறு கட்டினேனா? யாராச்சும் கை வச்சாங்களா? மேல வந்துட்டேனா இல்லையா?"

பஸ்ல இருந்தவங்க எல்லாரும் "வந்துட்டாங்க!"ன்னு கத்தினாங்க. மோகனரங்கம் காரை ஒரு சுத்துச் சுத்திப் பார்த்துட்டு, "சரி, ஏறிட்டீங்க. இறங்கறப்பவாச்சும் என் டிரைவர்..."னு ஆரம்பிச்சார்.

டீச்சர் பக்கத்துச் சீட்டைத் தட்டினாங்க. "ஏறுங்க தம்பி."

ஏறினார் பாவம். தடதடதடன்னு இறங்கிச்சு வண்டி. வளைவுக்கு வளைவு பொய்ங்க்! பொய்ங்க்! அவர் சீட்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு "முருகா முருகா"ங்கிறார். டீச்சர் ஒரு கையால ஓட்டிக்கிட்டு, இன்னொரு கையால அவருக்கு ஊரைக் காட்டிக்கிட்டே வர்றாங்க.

அடிவாரத்துல வண்டி நின்னதும் அவர் முதல் ஆளா கீழ குதிச்சார். ஒருத்தர் கேட்டார், "தலைவரே, அந்த எழுபத்தஞ்சு வயசு விதி என்னாச்சுங்க?"

மோகனரங்கம் ஒரு சொம்புத் தண்ணியை மடக் மடக்குனு குடிச்சுட்டுச் சொன்னார், "எந்த விதி?"

ம் சொல்லு. சொல்ல மாட்டியா? சரி சரி. கார் ஷெட்டுக்குப் போச்சு, பஸ் டிப்போவுக்குப் போச்சு, கதையும் படுக்கப் போச்சு. நீயும் கண்ணை மூடு கண்ணு.